துளசி, ஓமவல்லி நல்லா தழைக்குது ஆனா வாசனையே இல்ல, என்ன உரம் போடலாம்?

விஜி_பெரம்பூர்:
எல்லாருக்கும் வணக்கம். மொட்டை மாடில க்ரோ பேக்ல துளசி, ஓமவல்லி, எலுமிச்சைப்புல் வச்சிருக்கேன். வாரா வாரம் கடலைப் புண்ணாக்கு கரைசல், நடுநடுவுல கொஞ்சம் யூரியா. ஓமவல்லி இலை ஒண்ணொண்ணும் உள்ளங்கை அகலம் வருது, ஆனா கசக்கி மோந்தா அந்த காரமே இல்ல, சளிக்கு கஷாயம் வச்சா மாமியார் "என்னடி வெந்நி மாதிரி இருக்கு"ங்கறாங்க. எண்ணெய் சத்து ஏற தனி உரம் ஏதாவது இருக்கா? எலுமிச்சைப்புல் தைலம் வீட்டுலயே வடிக்கலாமான்னும் ஒரு ஆசை.

செம்மண்_பிரியன்:
அக்கா மொதல்ல யூரியாவ நிறுத்துங்க. அதுல 46 சதவீதம் நைட்ரஜன், புண்ணாக்குலயும் அதான் தூக்கல். நைட்ரஜன் ஏற ஏற செடி வேகமா இலை விடும், இலையில தண்ணி சத்து தான் கூடும், வாசனை எண்ணெய் அதே வேகத்துல ஊறாது, அதான் சப்புனு இருக்கு. ஓமவல்லிலாம் காஞ்ச மண்ணுல கிடந்து வளர்ற ஜாதி, அதுக்கு விருந்து வைக்க வேணாம். மாசம் ஒரு தடவ ரெண்டு கை மண்புழு உரம், முடிஞ்சா லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி பஞ்சகவ்யா, போதும். தண்ணியும் மேல்மண் காஞ்சப்புறம் ஊத்துங்க.

கொளத்தூர்_கிரி:
கஷாயத்துக்குன்னா பிரியன் சொல்றது சரி. தைலம் வடிக்கன்னா கணக்கு வேற ப்ரோ. எலுமிச்சைப்புல்லு உரம் நல்லா இழுக்கும், நைட்ரஜன் போட்டா இலையில எண்ணெய் சதவீதம் கொஞ்சம் இறங்கினாலும் புல்லு நிறைய வர்றதால மொத்த எண்ணெய் கூடத்தான் வரும், வயல்ல போடறவங்க அதனால தான் போடுறாங்க. ஆனா மாடிக்கு இந்த ஆசை வேணாம்க்கா, 10 கிலோ பச்சைப்புல் நல்லா வடிச்சாலே 20லேருந்து 40 மில்லி தான், கேஸ் செலவு தனி. டீல போட்டு குடிங்க.

விஜி_பெரம்பூர்:
ஐயோ அவ்ளோ தானா, அப்ப டிஸ்டில்லர் கேன்சல் 😄 அடுப்பு சாம்பல் போட்டா பொட்டாஷ் கிடைக்கும்னு எதிர்வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க, போடலாமா? துளசில பூ வந்தா கிள்ளிடறேன், அது சரியா?

மாடி_மாலதி:
பொட்டாஷ் கிடைக்கும் தான்மா, ஆனா சாம்பல் காரத்தன்மை. நீங்க ஊத்துறது போர் தண்ணியா? பை ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்திருந்தா சாம்பல் பக்கமே போகாதீங்க, மண்ணு இன்னும் காரமாகி இரும்புச்சத்து எடுக்க முடியாம இலை மஞ்சளாகும். மழைத்தண்ணி பிடிச்சு அப்பப்ப பை அடியில வடியற அளவுக்கு ஊத்துங்க, உப்பு இறங்கிடும்.

அப்புறம் வெயில். நீங்க பச்சை நெட் கட்டிருக்கீங்களான்னு சொல்லவே இல்லையே! துளசிக்கு முழு வெயில் வேணும், நிழல்ல வச்சு என்ன உரம் கொட்டினாலும் வாசனை ஏறாது. அக்னி நட்சத்திரம் சமயத்துல மட்டும் மதியத்துக்கு நெட் போட்டா போதும், ஓமவல்லிய வேணா கொஞ்சம் நிழலா வைங்க.

பூ கிள்ளினா தழை நிறைய வரும், பூஜைக்கு, தினசரி பறிக்கறதுக்கு அது சரி. எண்ணெய் தூக்கலா வேணும்னா கொஞ்சம் செடிய பூக்க விட்டு, பூ நிறைஞ்சு நிக்கும்போது வெட்டுங்க, அடிக்கட்டைய விட்டுட்டா திரும்ப துளிர்க்கும். மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் ஊறவச்ச கரைசல்) தெளிக்கற பழக்கம் இருந்தா பறிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க, இல்லன்னா மாமியார் கஷாயத்துல கருவாட்டு வாசனைம்பாங்க.