இமைக்கட்டி கீறல்: மரத்துப்போக ஊசி போட்டால் எதெல்லாம் தெரியும்?

கண் தியேட்டர் செவிலியர்:
கலாசியான், அதாவது இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வரும் கட்டி, அதைக் கீற வருகிறவர்கள் கத்தியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். வலிப்பது அதற்கு முன் போடும் ஊசி. முதலில் சொட்டு மருந்து. சில விநாடி எரிந்து கண் மரத்துவிடும். பிறகு கட்டியைச் சுற்றி, மரத்துப்போகச் செய்யும் 2% லிக்னோகைன் ஊசி, ஏறத்தாழ 1 மி.லி. அந்த மருந்தில் அமிலத்தன்மை உண்டு, அதனால் சுரீரென்று எரியும். மெதுவாக ஏற்றினால் எரிச்சல் குறைவு. மூச்சை அடக்காதீர்கள். மற்றக் கண்ணையும் இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கினால் இரண்டும் இறுகும்.

அடுத்து வளையக் கிளாம்பால் இமையைப் பிடித்துப் புரட்டுவார்கள். "மருந்து ஏறவில்லையோ" என்று பதறுவது இங்கேதான். மரத்த இடத்திலும் இழுப்பும் அழுத்தமும் தெரியும், அது இயல்பு. சுருக்கென்று குத்தினால் தலையை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

கீறுவது பெரும்பாலும் இமையின் உட்புறம், மேலும் கீழுமாக. எண்ணெய்ச் சுரப்பிகள் அப்படித்தான் வரிசையாக இருக்கின்றன. குறுக்கே கீறினால் பக்கத்துச் சுரப்பிகளும் அறுபடும். உள்ளிருப்பதைச் சுரண்டி எடுத்து, கிளாம்பைக் கழற்றியதும் ரத்தம் வரும், சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். உட்புறக் கீறலுக்குத் தையல் வேண்டாம். மொத்தமே கால் மணி நேரம்.

ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வைப் பரிசோதகர்):
ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை எடுத்தால் முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. வெறும் வயித்தோட வரச் சொல்லலைன்னா லேசா சாப்பிட்டு வாங்க. ஊசிக்கே மயங்குறவங்க உண்டு. முடிஞ்சதும் கண்ணுல களிம்பும் துணிக்கட்டும் இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஆள் வேணும். அன்னிக்கு ரத்தம் கலந்த கண்ணீர் கசியலாம், இமை ஒரு வாரம் வீங்கிக் கருக்கலாம். கட்டி அப்படியே இருக்கேன்னு பிதுக்கிடாதீங்க, அது வீக்கம்தான். வலி கூடிக்கிட்டே போனா, பார்வை குறைஞ்சா, சீழ் வந்தா அன்னிக்கே காட்டுங்க.

பல கட்டிகளுக்குக் கீறலே தேவைப்படாது. வெதுவெதுப்பான ஒத்தடம், தடவைக்குப் பத்து நிமிஷம், நாளுக்கு மூணு நாலு தடவை, ஒரு மாசம் விடாம குடுத்துப் பாருங்க. துணி ரெண்டு நிமிஷத்துல ஆறிடும், மறுபடி நனைக்கணும். பலருக்கு ஒத்தடம் பலிக்காததுக்கு அதுதான் காரணம்.

கண் மருத்துவர்:
ஒரு சேர்க்கை. நடுவயது தாண்டியவருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தாலோ, அங்கே இமைமுடி உதிர்ந்தாலோ, எடுத்த திசுவைப் பயாப்சிக்கு (நுண்ணோக்கிச் சோதனைக்கு) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் சாதாரண இமைக்கட்டி போலவே தோன்றும்.