கன்றை எப்போது பால் மறக்கச் செய்வது?

கேள்வி (கொக்கட்டிச்சோலை):
வணக்கம். எங்களிடம் நான்கு மாடுகளே உள்ளன. அவற்றுள் சாகிவால் இனக் கலப்பான பசு ஒன்று மூன்றரை மாதங்களுக்கு முன் நாகு கன்றை ஈன்றது. காலையில் மட்டும் கறக்கிறோம். முன்பு மூன்று லீற்றர் தந்த பசு இப்போது ஒன்றரை லீற்றரைத் தாண்டுவதில்லை. இரவில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் குடிப்பதை, விடியற்காலையில் அதன் வாயோரம் காய்ந்திருந்த நுரையைப் பார்த்தே அறிந்தோம். சென்ற வாரம் இரண்டு நாள் கன்றை அயல்வீட்டுக் கொட்டிலில் கட்டி வைத்தபோது, பசு பாலை இறக்காமல் உதைக்கத் தொடங்கிவிட்டது. காம்பில் வேப்பெண்ணெய் பூசுமாறு அம்மா சொல்கிறார். எந்த வயதில், எந்த முறையில் பால் மறக்கச் செய்யலாம்?

பதில் (வெல்லாவெளி):
தம்பி, பசு உதைத்ததில் வியப்பில்லை. நாட்டு மாடும் சாகிவாலும் கலந்தவை பெரும்பாலும் கன்று மடியில் முட்டினால்தான் பாலை இறக்கும். பிரிசியன் என்னும் ஐரோப்பிய இனக் கலப்பைப்போல் கன்றில்லாமல் கறக்கலாம் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நீங்கள் இப்போது செய்ய வேண்டியது பால் மறக்கடிப்பதன்று, கன்று குடிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துவதே. மாலையில் கன்றைத் தனியாக அடையுங்கள். கயிற்றை நம்பாமல் நான்கு பலகை அடியுங்கள். காலையில் சிறிது ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் கன்றைத் தாயின் முன்னங்காலருகே கட்டி, தாய் அதை நக்கிக்கொண்டிருக்கும்போதே கறந்து, கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுங்கள். கொழுப்பு மிகுந்த பால் அதுதான். பிறகு நண்பகல்வரை இரண்டும் சேர்ந்து மேயட்டும்.

பதில் (திருக்கோவில்):
வெல்லாவெளி அண்ணன் கூறியதை ஏற்கிறேன். வயதைப் பொறுத்தவரை, மாதக் கணக்கைவிடக் கன்று என்ன தின்கிறது என்பதே முக்கியம். இளங்கன்று குடிக்கும் பால் அசைபோடும் இரைப்பையைத் தாண்டி நேரே வயிற்றின் நான்காம் அறைக்குப் போய்விடும். தவிடும் புண்ணாக்கும் புல்லும் தின்னத் தின்னவே அந்த இரைப்பை வளரும். கலப்பினக் கன்று மூன்று நாள் தொடர்ந்து, நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவு தவிடு, புண்ணாக்குத் தீவனத்தை மிச்சமின்றித் தின்றால் பாலை நிறுத்தலாம். உருவில் சிறிய கன்றுக்குச் சற்றுக் குறைந்தாலும் போதும். நான் ஒருமுறை இதைப் பாராமல் மார்கழி மழையில் கன்றைப் பிரித்து, விலாவெலும்பு தெரியுமளவுக்கு மெலியவிட்டு, சளி பிடித்து அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடாயிற்று. பெரும்போக நெல் வெட்டு முடிந்து மாடுகள் வயலில் இறங்கும் காலமே எனக்கு ஏற்றதாகப் படுகிறது. அப்போதும் தூரத்தில் கட்டாமல், தாயும் கன்றும் ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிந்து, காம்பு மட்டும் எட்டாதவாறு நடுவில் வேலி இருந்தால் கதறல் மூன்று நான்கு நாளில் அடங்கும். வேப்பெண்ணெய் பூசினால் நீங்கள் விற்கும் பாலும் கசக்கும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். கன்றின் வயிறு பானைபோல் பருத்து மயிர் சிலிர்த்திருந்தால், முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தவிட்டை நிறுத்துப் பார்த்தேன். நாளுக்கு அரைக் கிலோவைக்கூடக் கன்று முடிக்கவில்லை. எனவே பிரிப்பதைத் தள்ளிவைத்து, பழைய கதவுப் பலகையால் அடைப்புச் செய்தேன். இன்று காலை இரண்டேகால் லீற்றர் கறந்தோம், பசு உதைக்கவில்லை.