உதவி: மைநெட்வொர்க்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எங்கள் சர்வர் வழியே ஸ்பேம் போகிறது

கேள்வி:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்ட ஆபீஸ். டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள், சர்வர் 192.168.1.10. முன்னால் மைக்ரோடிக் ரூட்டர். மெயில் வரும் 25-ஆம் போர்ட்டை அது சர்வருக்குத் திருப்பிவிடுகிறது. நேற்று ராத்திரியிலிருந்து க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) 11,000 மெயில், பெரும்பாலும் எங்களுடையது இல்லை. கிராணி (கிளார்க்) அனுப்பும் சம்பளப் பட்டியல்கூடத் திரும்பி வருகிறது. மைநெட்வொர்க்ஸில் (பாஸ்வேர்ட் இல்லாமலே மெயில் அனுப்ப அனுமதி உள்ள முகவரிகளின் பட்டியல்) 127.0.0.0/8, 192.168.1.0/24 இரண்டுதான். ஃபோட்டோஸ்டேட் மெஷின் ஸ்கேனை மெயிலில் அனுப்ப இரண்டாவது தேவை. ஓட்டை எங்கே?

பதில் 1:
முதலில் ரூட்டரில் 25-ஐத் திருப்பும் விதியை டிசேபிள் பண்ணுங்கள். சில மணி நேரம் மூடியிருந்தால் உங்களுக்கு வரும் மெயில் தொலையாது. அனுப்பும் சர்வர்கள் காத்திருந்து மறுபடி முயலும். அடுத்து 'போஸ்ட்சூப்பர் -எச் ஆல்' (எச் சின்ன எழுத்து, ஆல் முழுக்கப் பெரிய எழுத்து). க்யூ ஹோல்டுக்கு, அதாவது நிறுத்திவைப்புக்கு, போய்விடும். அழிக்க வேண்டாம், தடயம் அதில்தான்.

பிறகு ஒரு ஸ்பேமின் க்யூ ஐடியை மெயில் லாகில் தேடுங்கள். 'க்ளையன்ட்=' வரியில் 'சாஸ்ல்_யூசர்நேம்=' (பாஸ்வேர்ட் போட்டு நுழைந்தவர் பெயர்) வந்தால் யாருடைய பாஸ்வேர்டோ பறிபோயிருக்கிறது. வெறும் ஐபி மட்டும் என்றால் ரிலே, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமலே உங்கள் சர்வர் வழியே மெயிலைக் கடத்துகிறார்கள். அந்த வரியைப் போடுங்கள்.

கேட்டவர்:
எல்லாம் 'க்ளையன்ட்=அன்னோன்[192.168.1.1]'. சாஸ்ல் இல்லை. 192.168.1.1 எங்கள் ரூட்டர். அதில் வைரஸா அண்ணே?

பதில் 2:
வைரஸ் என்று பயப்படுமுன் ரூட்டரின் நேட் (முகவரி மாற்றும் விதிகள்) பக்கத்தைத் திறந்து பாருங்க தம்பி. சோர்ஸ்நேட் சங்கிலியில் ஒரு மாஸ்கரேட் விதி இருக்கும். அதில் அவுட்-இன்டர்ஃபேஸ் (எந்த இணைப்பு வழியே வெளியே போகும் பாக்கெட்டுக்கு விதி பொருந்தும் என்பது) காலியாக இருக்கிறதா? இருந்தால் அதுதான் ஓட்டை. வெளியே போகும் பாக்கெட்டுக்கு மட்டும் முகவரி மாற்ற வேண்டிய விதி, உள்ளே வருவதற்கும் மாற்றுகிறது. உலகத்தில் எந்த மூலையிலிருந்து 25-ஐத் தட்டினாலும் சர்வர் கண்ணுக்கு அது 192.168.1.1. அந்த முகவரி உங்கள் 192.168.1.0/24-க்குள் அடங்குகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் நம்ம வீட்டு ஆள் என்று கதவைத் திறந்துவிடுகிறது.

அவுட்-இன்டர்ஃபேஸில் உங்கள் ஃபைபர் இணைப்பைப் போடுங்கள் (பெரும்பாலும் பிபிபிஓஇ-அவுட்1). பழைய கனெக்‌ஷன்கள் ரூட்டரின் ட்ராக்கிங் பட்டியலில் பழைய முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றையும் அழியுங்கள்.

மைநெட்வொர்க்ஸில் ஒரு லேன் முழுவதையும் எழுதுவது எனக்கு எப்போதுமே உடன்பாடு இல்லை. ஃபோட்டோஸ்டேட் மெஷினுக்கு நிலையான ஐபி (உதாரணமாக 192.168.1.50) கொடுத்து அதை மட்டும் எழுதுங்கள்: 127.0.0.0/8 192.168.1.50/32. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் 587-ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டோடு அனுப்பட்டும். ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு ரூட்டரை விட்டுவிடாதீர்கள். ரிலே நிற்கும், ஆனால் எல்லாரும் ஒரே ஐபியாகத் தெரியும்வரை பிளாக்லிஸ்ட் சோதனை, எஸ்பிஎஃப் (அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்ற சோதனை) எதுவும் வேலை செய்யாது. தவறாக நுழைய முயலும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பான் போட்டால் ரூட்டரையே தடுத்துவிடும்.

கேட்டவர்:
காலியாகத்தான் இருந்தது! மாற்றிவிட்டு 25-ஐ மறுபடி திறந்தேன். இப்போது லாகில் உண்மையான வெளி ஐபிகள் தெரிகின்றன. வெளியிலிருந்து டெல்நெட் போட்டால் '454 4.7.1 ரிலே ஆக்சஸ் டினைட்'. 554 வர வேண்டாமா?

பதில் 1:
கதவு மூடிவிட்டது. டெபியன் தரும் மெயின்.சிஎஃப் கோப்பில் ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் கடைசியில் 'டிஃபர்_அன்அத்_டெஸ்டினேஷன்' இருக்கும். அது "இப்போது முடியாது, பிறகு வா" என்கிற பதில். அங்கே 'ரிஜெக்ட்_அன்அத்_டெஸ்டினேஷன்' என்று எழுதி ரீலோட் செய்தால் 554, ஒரேயடியாக மறுப்பு.

ஹோல்டில் உங்கள் சொந்த மெயிலும் மாட்டியிருக்கும். 'போஸ்ட்க்யூ -பி' பார்த்து, அவற்றை ஐடி கொடுத்து 'போஸ்ட்சூப்பர் -எச்' (இந்த எச் பெரிய எழுத்து) என்று விடுவித்த பிறகே மிச்சத்தை 'போஸ்ட்சூப்பர் -டி ஆல் ஹோல்ட்' என அழியுங்கள். ஸ்பாம்ஹவுஸ் என்ற பிளாக்லிஸ்டில் உங்கள் ஐபியைத் தேடி, நீக்கச் சொல்லிக் கேட்பது அதற்கும் பிறகு. ஓட்டையை அடைக்குமுன் கேட்டால் மறுபடி பட்டியலில் ஏறிவிடும்.