கல்முனைக் கிளையின் லொக்கை மட்டக்களப்பிலிருந்து பார்க்க டெயில் போதுமா?

புளியந்தீவான்:
எங்கள் கடை மட்டக்களப்பு டவுனில், கிளை கல்முனையில். கிளையில் பில் போடும் சேர்வர் உபுண்டு லினக்ஸ். அதன் லொக்கை (நடப்பதை வரி வரியாக எழுதிவைக்கும் ஃபைல்) இங்கிருந்தே பார்க்க, தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியாக, ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையை, புது வரி வர வரக் காட்டும் சின்ன எஃப் (-f) போட்டு ஓடவிட்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் திரையில் ஒரு வரியும் நகரவில்லை. இன்னும் ஆட்கள் வரவில்லையாக்கும் என்று இருந்துவிட்டேன். பத்து மணிக்குப் போன் வருகிறது: "அண்ணன், ஒன்பதிலயிருந்து எரரா அடிக்குது, நீங்க பாக்கல்லையா?" இதற்கு ஒழுங்கான வழி என்ன?

கல்முனைக்குடியான்:
தம்பி, ராத்திரி 12 மணிக்கு, லொக் ஃபைலை நாளுக்கு நாள் மாற்றும் லொக்ரொட்டேட் பழைய ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுப் புதிது திறந்திருக்கும். சின்ன எஃப் பெயரைப் பார்க்காது, முதலில் திறந்த ஃபைலையே பிடித்துக்கொண்டு இருக்கும். பெரிய எஃப் (-F) போடுங்கள், அது பெயரைப் பார்த்துப் புது ஃபைலுக்கு மாறும், வேலை முடிந்தது.

வாவிக்கரை:
முடியவில்லை நானா. டெயில் பார்ப்பதற்கு, அனுப்புவதற்கு இல்லை. லைன் விழுந்து திரும்பப் போட்டால் கடைசி 10 வரியைக் காட்டிவிட்டுத் தொடரும். நடுவில் போனது போனதுதான். லொக்கை வேறு கணினிக்கு அனுப்பும் ஆர்சிஸ்லொக் புரோகிராமில் ஐஎம்ஃபைல் என்று ஒரு பகுதி இருக்கிறது. எதுவரை படித்தோம் என்று குறித்துவைத்து, விட்ட இடத்திலிருந்து அனுப்பும்.

கல்முனைக்குடியான்:
எங்கே போனது? கல்முனை டிஸ்கில்தானே கிடக்கிறது. தேவைப்பட்டால் திறந்து பார்க்கலாம். ஒரு கடைக்கு இரண்டு பக்கமும் கொன்ஃபிக், போர்ட் திறப்பு, கியூ (அனுப்பக் காத்திருக்கும் வரிசை)! நீங்கள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள், பிறகு யார் பார்ப்பது?

வாவிக்கரை:
டிஸ்க் இருந்தால் சரி. நான் வேலை செய்த இடத்தில் மாரி தொடங்கும் நேரம் இடி விழுந்து சேர்வர் டிஸ்க்கோடு போனது. அது சாவதற்கு முந்திய ஐந்து நிமிட லொக்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது. அதுவும் அந்த டிஸ்கில்தான் இருந்தது.

ஏறாவூர்ப் பெடியன்:
எதற்கு இவ்வளவு? ஆர்சிஸ்லொக்கிலேயே யூடிபி முறையில் 514ஆம் போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுதினால் சரிதானே.

வாவிக்கரை:
யூடிபி கிணற்றில் போட்ட கல் தம்பி. போய்ச் சேர்ந்ததா என்று பதிலே வராது. பதில் கேட்டு அனுப்பும் டிசிபி முறையும் தனியாக முழு நம்பிக்கை இல்லை. லைன் அறும் நேரத்தில் வழியில் இருக்கும் வரிகள் காணாமல் போகலாம், அனுப்பிய பக்கத்துக்கே தெரியாது. ஆர்சிஸ்லொக்கைத் தொடங்கிய ரைனர் கெர்ஹார்ட்ஸே 2008இல் இதை எழுதியிருக்கிறார். ரெல்ப் என்ற அனுப்பும் முறை வந்ததே இதற்காகத்தான், ஒவ்வொரு செய்திக்கும் 'கிடைத்தது' என்று மறுபக்கம் சொல்லும். கியூவை டிஸ்கில் வைத்தால் லைன் வரும்வரை காத்திருந்து அனுப்பும்.

கல்முனைக்குடியான்:
பார்த்தீர்களா, சொல்லச் சொல்ல நீள்கிறது. இவருக்கு வரி தொலைந்ததா பிரச்சினை? அமைதியாக இருக்கும் லொக்கும் செத்த லைனும் திரையில் ஒரே மாதிரி இருந்ததுதான் பிரச்சினை. ரெல்ப் போட்டாலும் திரையைப் பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரொன் வைத்து நிமிடத்துக்கு ஒரு வரி அதே லொக்கில் எழுத விடுங்கள். வரி நின்றால் ஏதோ நின்றுவிட்டது என்று அர்த்தம். எஸ்எஸ்எச்சில் சேர்வர்அலைவ்இன்டர்வல் 15 செக்கன் போடுங்கள். அது சும்மா விட்டால் 0, மறுபக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கவே கேட்காது.

வாவிக்கரை:
நிமிட வரி நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. எதில் அனுப்பினாலும் அது வேண்டும். ஆனால் நின்றுவிட்டது என்று தெரிவதும், நின்ற நேரத்து வரிகள் கையில் கிடைப்பதும் வேறு வேறு.

புளியந்தீவான்:
பெரிய எஃப், 15, நிமிட வரி மூன்றும் போட்டாச்சு. எரர் மட்டும் வரட்டும் என்று, கேட்ட சொல் இருக்கும் வரிகளை மட்டும் விடும் கிரெப்பும் அங்கேயே சேர்த்தேன். எரர் ஒன்றுமே வராமல் இருந்து, பிறகு மொத்தமாக வந்து கொட்டுகிறது. நிமிட வரியும் காணோம்.

கல்முனைக்குடியான்:
கிரெப் அது. எழுதுவது டெர்மினலுக்கு இல்லையென்றால் 4096 பைட் சேரும்வரை கையில் வைத்திருக்கும். வரி வரியாக உடனே விடும் லைன்-பஃபர்ட் ஒப்ஷன் போடுங்கள். நிமிட வரியைக் கிரெப்பே வடிகட்டிவிடும், அதையும் உள்ளே விடும்படி கிரெப்பில் எழுதுங்கள்.

புளியந்தீவான்:
சரி வந்துவிட்டது, நானா. நேற்று 12 மணிவரை முழித்திருந்து பார்த்தேன். ஃபைல் மாறிவிட்டது, புதியதைத் தொடர்கிறேன் என்று டெயிலே ஒரு வரி போட்டது.

வாவிக்கரை:
சந்தோசம். கல்முனையில் கரண்ட் போனால் ரவுட்டருக்கு யூபிஎஸ் இருக்கிறதா?

புளியந்தீவான்:
இல்லை. சேர்வருக்கு மட்டும்தான்.