ஐஎஸ்டிஎன் லைன் கட் ஆகவே மாட்டேன் என்கிறது, அவசரம்!

கரூர்_தம்பி:
வணக்கம். கரூர் கிளையில் லீஸ்டு லைனுக்கு (எப்போதும் திறந்திருக்கும் வாடகை லைன்) பேக்அப்பாக ஐஎஸ்டிஎன் (டயல் ஆகி நிற்கும் நேரத்துக்குப் பில் வரும் டிஜிட்டல் போன் லைன்) போட்டிருக்கிறோம், எதிர்முனை சென்னை ஹெட் ஆபீஸ். லீஸ்டு லைன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐஎஸ்டிஎன் தானாக டயல் ஆகி ராத்திரி முழுக்கக் கட் ஆகாமல் கிடக்கிறது. ஆளே இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். பில் வந்ததிலிருந்து மேனேஜர் முகத்தில் விழிக்க முடியவில்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மலர்விழி:
ரவுட்டர் என்ன? கான்ஃபிக் எங்கே? பாஸ்வேர்டு, போன் நம்பரை எடுத்துவிட்டு ஷோ ரன் கமாண்டு காட்டுவதை ஒட்டுங்கள். ஐடில் டைம்அவுட் (டிராஃபிக் இல்லாவிட்டால் எவ்வளவு நேரத்தில் லைனைக் கட் செய்வது என்பது) எவ்வளவு?

பழைய_கேபிள்:
என்டி1 பெட்டிக்கு (ஐஎஸ்டிஎன் லைன் வந்து முடியும் பெட்டி) எர்த் சரியாக இருக்கிறதா? நான் பார்த்த ஐஎஸ்டிஎன் தகராறில் பாதி அங்கேதான்.

சோழநாடன்:
ரவுட்டரில் ஸ்விட்ச் டைப் (டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வகை) பேசிக்-நெட்3 தானே? சிலர் அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து பேசிக்-என்ஐ போட்டுவிட்டு ஸ்பிட் நம்பர் (அங்கே போன் கம்பெனி லைனுக்குக் கொடுக்கும் அடையாள எண்) எங்கே என்று தேடுவார்கள். நம் ஊரில் ஸ்பிட்டே கிடையாது.

அண்ணாச்சி:
டயல் ஆகிக் கட் ஆகவில்லை என்கிறவரிடம் எர்த்தும் ஸ்விட்ச் டைப்பும் கேட்கிறீர்களே, அதில் கோளாறு இருந்தால் கால் போவதே சந்தேகம் ஐயா. தம்பி, இன்ட்ரஸ்டிங் டிராஃபிக், அதாவது லைனை டயல் செய்ய வைக்கும் டிராஃபிக், என்று ஒன்று உண்டு, முதல் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு லீவா?

கரூர்_தம்பி:
சிஸ்கோ 2600 சார். எதற்கு டயல் ஆகலாம் என்று சொல்லும் வரி: டயலர்-லிஸ்ட் 1 புரோட்டோகால் ஐபி பெர்மிட். ஐடில் டைம்அவுட்டைத் தொடவில்லை. மற்றதெல்லாம் வழக்கமானதுதான்.

மலர்விழி:
தொடவில்லை என்றால் 120 நொடி. அந்த வழக்கமானதில்தான் விஷயம் இருக்கும். ஷோ டயலர் கொடுத்தால் டயல் ரீசன் என்று ஒரு வரி வரும், அதை மட்டும் ஒட்டுங்கள்.

கரூர்_தம்பி:
டயல் ரீசன்: ஐபி (எஸ்=10.1.1.2, டி=224.0.0.5)
10.1.1.2 எங்கள் ரவுட்டர்தான். 224 யாருடையது? எங்கள் நெட்வொர்க்கில் அப்படி ஒன்றும் இல்லை. வைரஸா?

அண்ணாச்சி:
ஓஎஸ்பிஎஃப் ஹலோவை வைரஸ் ஆக்கிய புண்ணியவான்.

மலர்விழி:
அண்ணாச்சி, விடுங்களேன். தம்பி, ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் முறை, 224.0.0.5 அதன் மல்டிகாஸ்ட் முகவரி (அதைப் பேசும் ரவுட்டர்களுக்கெல்லாம் பொதுவானது). ஐஎஸ்டிஎன் மாட்டியிருக்கும் பிஆர்ஐ இன்டர்ஃபேஸும் ஓஎஸ்பிஎஃப்புக்குள் இருப்பதால் 10 நொடிக்கு ஒரு ஹலோ, ‘நான் இருக்கிறேன்’ என்ற பாக்கெட், போகிறது. உங்கள் டயலர்-லிஸ்ட் எல்லா ஐபியையும் அனுமதிப்பதால் ஒவ்வொரு ஹலோவுக்கும் டைமர் மறுபடி 120க்குப் போய்விடும், பிறகு எப்படிக் கட் ஆகும்? இப்படி மாற்றுங்கள்:

அக்சஸ்-லிஸ்ட் 101 டினை ஓஎஸ்பிஎஃப் எனி எனி
அக்சஸ்-லிஸ்ட் 101 பெர்மிட் ஐபி எனி எனி
டயலர்-லிஸ்ட் 1 புரோட்டோகால் ஐபி லிஸ்ட் 101

இங்கே டினை என்பது பாக்கெட்டைத் தடுக்காது. லைன் ஏற்கெனவே மேலே இருந்தால் ஹலோ அதில் போகும், அதற்காக டயல் ஆகாது, டைமரும் புதுப்பிக்காது, அவ்வளவுதான்.
ஆனால் இதோடு நிறுத்தக் கூடாது. லீஸ்டு லைன் விழுந்தால் ஓஎஸ்பிஎஃப் கற்ற ரவுட்டும் போய்விடும், சென்னைக்கு வழியே தெரியாத ரவுட்டர் எதற்கு டயல் செய்யும்? பிஆர்ஐ வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரவுட் (கையால் எழுதிவைக்கும் வழி), கடைசியில் 200 என்று போடுங்கள். எண் குறைந்த வழிக்கே முன்னுரிமை. ஓஎஸ்பிஎஃப்புக்கு 110 என்பதால் சாதாரண நாளில் இது ஒதுங்கியே இருக்கும். சென்னைப் பக்கமும் இதேபோல் ஒன்று வேண்டும்.

சோழநாடன்:
இவ்வளவு எதற்கு? லீஸ்டு லைன் மாட்டிய சீரியல் இன்டர்ஃபேஸில் பேக்அப் இன்டர்ஃபேஸ் என்று பிஆர்ஐயைக் கட்டிவிட்டால், சீரியல் விழும்வரை அது ஸ்டாண்ட்பையில் இருக்கும், ஹலோவும் போகாது பில்லும் ஏறாது. ஒரே வரி.

அண்ணாச்சி:
ஸ்டாண்ட்பையில் கிடக்கும் லைன் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பீர்? அதுவும் ஃபிரேம் ரிலேயில் (பலர் பகிரும் நெட்வொர்க்) பிவிசி (அதற்குள் நமக்கென்று அமைத்த வழி) செத்தாலும் சீரியல் அப் என்றே காட்டிக்கொண்டிருக்கும், உம்ம பேக்அப் தூங்கிக்கொண்டிருக்கும்.

சோழநாடன்:
அவர் சொன்னது லீஸ்டு லைன். நடுவில் ஃபிரேம் ரிலேயை யார் கொண்டுவந்தது? ஹெச்டிஎல்சி கீப்அலைவ் (லீஸ்டு லைனில் இரு முனையும் உயிரோடு இருப்பதைச் சொல்லிக்கொள்ளும் செய்தி) நின்றால் லைன் புரோட்டோகால் தானாக டவுன் ஆகும்.

விருந்தினர்_2:
ஐபி ஓஎஸ்பிஎஃப் டிமாண்ட்-சர்க்யூட் என்று ஒரு கமாண்டு இருக்கிறதே, ஹலோவையே அடக்கிவிடுமே?

மலர்விழி:
அடக்கும். ஆனால் ஓஎஸ்பிஎஃப் ஏரியாவுக்குள் (ரவுட்டர்களின் ஒரு குழு) வேறு எங்காவது ஒரு லிங்க் விழுந்து எழுந்து ஆடிக்கொண்டிருந்தால், அந்தச் செய்தியைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் டயல் ஆகும். 101 இருந்தால் அதுவும் வேலை செய்யாது, ஓஎஸ்பிஎஃப்பால் டயல் செய்யவே முடியாதே. எனக்கு ஸ்டாட்டிக்தான் நிம்மதி.

அண்ணாச்சி:
கீப்அலைவை நம்பி வங்கிக் கிளையை நடத்திய ஆட்களை எனக்குத் தெரியும், வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

சோழநாடன்:
விடாதீர்கள், சொல்லுங்கள். என்ன ஆயிற்று?

கரூர்_தம்பி:
101 போட்டேன், லைன் கட் ஆகிவிட்டது. நன்றி அக்கா.

மலர்விழி:
ஸ்டாட்டிக் ரவுட்டும் போட்டீர்கள்தானே? ஆபீஸ் நேரம் முடிந்ததும் சீரியலை ஷட் கொடுத்து நிறுத்திவிட்டு, டயல் ஆகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

மலர்விழி:
தம்பி?