லங்காவியில் பார்த்த பழைய பாய்மரப் படகு: செயின்பிளேட் அடியில் பழுப்புக் கறை, வாங்கலாமா?

கீழக்கரை மாலுமி:

எல்லோருக்கும் வணக்கம். சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருக்கிறேன், ஊர் கீழக்கரை. அடுத்த வருஷம் வேலையை விடுகிறேன். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, நானும் மனைவியும் சில வருஷம் அதிலேயே குடியிருப்பதாக முடிவு. மலேசியாவின் லங்காவி, இலங்கையின் காலி, மாலத்தீவு, முடிந்தால் சீஷெல்ஸ் வரை. நடுநடுவே ஊர்ப் பக்கமும் வந்துபோக வேண்டும், உம்மா இங்கேதான் இருக்கிறார்கள்.

லங்காவியில் இரண்டு படகு பார்த்திருக்கிறேன். ஒன்று 1985ல் கட்டியது. 36 அடி, கனமான ஃபைபர் உடல், நீளக் கீல் (படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு), தண்ணீருக்குள் 1.65 மீட்டர் இறங்கும். யான்மார் இன்ஜின், சுழலியை நேராகச் சுற்றும் ஷாஃப்ட். இன்னொன்று 2005ல் கட்டியது. 40 அடி, மூன்று அறை, சோலார், கடல்தண்ணீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் எல்லாம் உண்டு. ஒல்லியான ஃபின் கீல், 2 மீட்டர் இறங்கும். இன்ஜின் ஸெயில்டிரைவ் வகை, அதாவது சுழலியைத் தாங்கும் கால் படகின் அடியைத் துளைத்து நேராகக் கீழே இறங்கும். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மனைவிக்குப் பெரிய படகு பிடித்திருக்கிறது. உள்ளே நின்று பார்த்தால் யாருக்கும் அதுதான் பிடிக்கும்.

என் சந்தேகம் பழைய படகைப் பற்றி. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிற கம்பிகளை உடலோடு பிணைக்கும் உலோகப் பட்டை, அதாவது செயின்பிளேட், டெக்கை (மேல்தளத்தை) துளைத்து உள்ளே இறங்கும் இடத்தில், தேக்குப் பலகை மேல் விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு வழிந்திருக்கிறது. இடது பக்கம் நடுக் கம்பிக்கு நேர் கீழே. தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது. "பழைய படகென்றால் இதெல்லாம் இருக்கும், துடைத்தால் போய்விடும்" என்கிறார் தரகர். இது எவ்வளவு பெரிய விஷயம்? இரண்டில் எது நமக்குச் சரி?

பாம்பன் தென்கடல்:

பாய், எங்கள் வீட்டில் தலைமுறையாக வல்லமும் விசைப்படகும்தான். கறை விவகாரத்தை அதில் வேலை செய்கிறவர்கள் சொல்லட்டும். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டு மீட்டர் இறங்கும் படகோடு ஊருக்கு வந்தால் எங்கே நிறுத்துவீர்கள்? வடகடலில் (பாக் விரிகுடாவில்) ஆழமான இடம் என்று சொல்வதே பதினைந்து மீட்டருக்குள்தான். கரையை நெருங்க நெருங்க வெகுதூரத்துக்குச் சேறும் மணலுமாக மேடேறிக்கொண்டே வரும். ஆதம் பாலத்து மணல்திட்டுகள் மேல் பல இடங்களில் ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் தண்ணீர்தான், அந்தத் திட்டுகளும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. நம் பக்கம் தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடாவிலிருந்து) வடகடலுக்கு வர முறையான வழி பாம்பன் கால்வாய்தான். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் நடுத்துண்டம் மேலே ஏறினால் 22 மீட்டர் உயரம் கிடைக்கிறது. 36 அடிப் படகின் மரம் அதற்குள் தாராளமாகப் போகும். ஆனால் துறைமுக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, பாலம் தூக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். நினைத்த நேரத்தில் போய்வருகிற வழி இல்லை.

அப்புறம் காற்று. அக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரி வரை வாடை, அதாவது வடக்குப் பக்கத்துக் காற்று. அப்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடலில் தீவு மறைவில் கிடக்கலாம். மே தொடங்கி செப்டம்பர் வரை கச்சானும் (மேல்காற்று) சோழகமும் (தென்காற்று) அடிக்கும்போது அப்படியே தலைகீழ். எங்கள் ஆட்களும் காற்றைப் பார்த்துத்தான் படகை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றிக் கட்டுகிறார்கள். நீங்களும் அப்படி மாற்ற வேண்டுமானால் ஆழமில்லாத தண்ணீரில் போகிற படகுதான் வேண்டும். நங்கூரத்தில் விட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிற கரை இது இல்லை, டிசம்பரில் நிச்சயமாக இல்லை. 1964ல் தனுஷ்கோடி போனதும் டிசம்பரில்தான்.

தீவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குருசடை தொடங்கித் தூத்துக்குடி வரை இருக்கிற 21 தீவும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது, பவளப்பாறை மேல் நங்கூரம் போடவே கூடாது. வடகடலில் ஓடும்போது இலங்கை எல்லைக் கோட்டை ஜி.பி.எஸ்.சில் போட்டு வைத்து, அதற்கு நன்றாக உள்ளேயே ஓடுங்கள். இந்தக் கரையில் எத்தனை குடும்பம் அதனால் அழுதிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

லங்காவி ரிக்கர் (சொந்த ஊர் தொண்டி):

அண்ணே, அந்தக் கறையைத் துடைக்காதீங்க, துடைக்கவும் விடாதீங்க. படகின் உள்நிலவரத்தை உண்மையாகச் சொல்கிற ஒரே சாட்சி இப்போதைக்கு அதுதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு தோலால். அந்தத் தோல் நிலைக்கக் காற்று வேண்டும். செயின்பிளேட் டெக்கைத் துளைக்கும் இடத்தில் சீலன்ட் பிளந்தால் உப்புத் தண்ணீர் இறங்கும். இறங்கியது உலராமல் அங்கேயே தேங்கும், காற்று படாது. வெளியே தெரிகிற பாகமும் பளபளப்பாக இருக்கும், உள்ளே தெரிகிற பாகமும் பளபளப்பாக இருக்கும், நடுவில் டெக்கின் கனத்துக்குள் மறைந்திருக்கிற இரண்டு மூன்று சென்டிமீட்டரில் உலோகம் குழிகுழியாக அரித்துக்கொண்டே போகும். ஒரு நாள் காற்று ஏறும்போது அந்த இடத்தில்தான் முறியும். பிளேட் முறிந்தால் மரமும் பெரும்பாலும் அதோடு போய்விடும். பழுப்புக் கோடு என்பது அந்த அரிப்பின் கசிவு. காய்ந்திருக்கிறது என்றால் கடைசி மழைக்குப் பிறகு வெயில் அடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காகப் படகே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. தேக்குப் பலகையைக் கழற்றுங்கள். போல்ட்டை எடுத்து ஒரு பிளேட்டை முழுதாக வெளியே உருவிப் பாருங்கள். உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குக் குழி தெரியாவிட்டாலும் விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் கப்பல் இன்ஜினியர், அந்தச் சோதனை உங்களுக்குப் புதிதில்லை. பிளேட் போயிருந்தால் புதிதாகச் செய்து போடலாம், அது பெரிய செலவில்லை.

பெரிய செலவு டெக்கில் இருக்கிறது. அந்தக் காலப் படகுகளில் டெக் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் படலங்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்ததுதான். தண்ணீர் புகுந்தால் பால்சா ஊறி அழுகும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் செயின்பிளேட்டிலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் சுட்ட பானையைத் தட்டுவது போலக் கணீரென்று கேட்கும். ஊறிய இடம் மொத்தென்று கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனால் கடைசியில் நோயின் வரைபடமே கிடைத்துவிடும். உள்ளங்கை அளவென்றால் வெட்டி எடுத்து எபாக்ஸிப் பசை போட்டு அடைக்கலாம். பக்க டெக் முழுக்க மொத்தென்று கேட்டால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

கம்பிகளையும் கேளுங்கள். கடைசியாக எந்த வருஷம் மாற்றினார்கள், ரசீது இருக்கிறதா? பத்துப் பன்னிரண்டு வருஷம் தாண்டிய ரிக்கிங்கோடு (அந்தக் கம்பிகளோடு) கடல் தாண்ட இன்சூரன்ஸ்காரர்களே பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. கீழ் முனைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தண்ணீர் கம்பி வழியாக இறங்கித் தங்குவது அங்கேதான், மயிரிழை விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

கீழக்கரை மாலுமி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே பார்த்தேன். உரிமையாளர் வயதானவர், மறுப்பே சொல்லவில்லை, பலகையை அவரே கழற்றிக் கொடுத்தார். கறை இருந்த பிளேட்டை உருவினோம். டெக்குக்குள் இருந்த பாகத்தில் கடுகு அளவுக் குழிகள், ஓரத்தில் ஒரு கீறல். நகத்தை வைத்தால் மாட்டுகிறது. டெக்கைத் தட்டியதில் அந்த ஓட்டையைச் சுற்றி இரண்டு உள்ளங்கை அளவுக்கு மொத்தென்ற சத்தம். மற்ற இடமெல்லாம் கணீர். ரிக்கிங் 2016ல் மாற்றியதற்கு ரசீது இருக்கிறது.

இன்னொன்று. இன்ஜினுக்குக் கடல்தண்ணீர் எடுக்கும் ஓட்டையின் வால்வை, அதாவது சீகாக்கைக் கத்தி முனையால் சுரண்டினேன். மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. பெரிய படகில் இதெல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஸெயில்டிரைவ் சவ்வை எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கொச்சி படகுத்துறை:

இளஞ்சிவப்பு என்றால் அது வெண்கலம் இல்லை, பித்தளை. அதிலிருந்த துத்தநாகத்தைக் கடல் தின்றுவிட்டது, மிச்சம் இருப்பது சோர்ந்துபோன செம்பு. பார்க்க முழுசாக இருக்கும், காலால் ஒரு மிதி மிதித்தால் முறியும். கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஒன்றரை அங்குல ஓட்டை அது, யோசித்துப் பாருங்கள். ஒன்று அப்படி என்றால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நல்ல வெண்கலத்தில் போடுங்கள், கரையேற்றும்போதே செய்துவிடலாம்.

ஸெயில்டிரைவ் விஷயம் இதைவிட முக்கியம். படகின் அடியில் பெரிய ஓட்டை, அதை மூடியிருப்பது ஒரு ரப்பர் சவ்வு. இன்ஜின் செய்யும் வோல்வோ பென்டா அதை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. மாற்றப் படகைத் தண்ணீரைவிட்டுத் தூக்க வேண்டும். நம் ராமநாதபுரம் கரையில் கீல் வைத்த பாய்மரப் படகைத் தூக்க எங்கே வசதி? ஓதம் பெரிதாக இறங்குகிற நாடுகளில் சுவரோரம் சாய்த்து நிறுத்தி, தண்ணீர் வற்றியதும் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொள்வார்கள். நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை, அதற்கும் வழியில்லை. பராமரிப்பை லங்காவியிலோ பூக்கெட்டிலோ முடித்துக்கொண்டு வந்து, ஊரில் இருக்கும்வரை தூக்கத் தேவையில்லாமல் இருக்கிற படகுதான் உங்களுக்குச் சரி. நேரடி ஷாஃப்டும் நீளக் கீலும் அந்த விதத்தில் நிம்மதி.

ஆனால் பழசு என்றாலே பலம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமி, தனியாளாக உலகைச் சுற்றும் 2022 கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில் ரஸ்லர் 36 வகைப் படகில் உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தார், அதுவும் நீளக் கீல் படகுதான். 1988க்கு முன் வரைந்த அந்த வகைப் படகுகளைத்தான் போட்டியின் விதியே அனுமதித்தது. ஆகவே புதுப் படகு மோசம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. 1979ல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் அடித்த புயல் வேறு கதை. சிறிய படகுகளின் பிரிவில் முடித்து வந்தது கான்டெஸ்ஸா 32 வகைப் படகு ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு சாய்ந்தாலும் திரும்ப நிமிரும் தன்மை அதற்கு இருந்தது. இரண்டு படகுக்கும் அந்த நிமிரும் கோணம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். படுக்கை அறை எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது அவர்கள் சொல்லும் நேரத்துக்கு முன்பே போய் இன்ஜினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

படகுக் குடித்தனம்:

மாலுமி அண்ணா, நானும் கணவரும் படகிலேயே குடியிருந்தவர்கள், சொந்த ஊர் தங்கச்சிமடம். உங்கள் மனைவிக்காக இதை எழுதுகிறேன், அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

துறையில் நிற்கும் படகில் மூன்று அறை ஆசையாகத்தான் இருக்கும். ஓடுகிற படகில் அகலமான மெத்தையில் தூங்க முடியாது, உருண்டுகொண்டே இருப்போம். நடுப்பாகத்தில், குறுகலாக, பக்கத்துணி கட்டிய படுக்கை இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். சமையல் மேடை மூன்று பக்கமும் சூழ்ந்து இருக்க வேண்டும், இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டு சமைக்கலாம். அடுப்பு படகோடு ஆடாமல் தன்போக்கில் நேராக நிற்கிற வகையா என்று பாருங்கள். கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் கடலுக்குத் திறக்கும் ஓட்டை கட்டாயம் வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும்.

கழிப்பறைக் குழாயை வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றித் தேய்த்து, துணியை முகர்ந்து பாருங்கள். நாற்றம் துணியில் ஏறினால் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு முக்கியமானது மேல் ஜன்னல்கள். எத்தனை இருக்கிறது, திறந்தால் காற்று முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிறதா என்று நடுப்பகலில் போய் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஏப்ரலில் கீழக்கரையில் நங்கூரம் போட்டிருக்கும்போது வாட்டர்மேக்கரைவிட அதுதான் உங்களைக் காப்பாற்றும். வாட்டர்மேக்கர் பழுதானால் தொட்டித் தண்ணீரை நம்பித்தான் இருக்க வேண்டும், தொட்டி எத்தனை லிட்டர் என்று முதலில் கேளுங்கள்.

சுங்கப் பக்கம்:

பணம் கொடுக்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். விற்பனைப் பத்திரம், படகு இதுவரை பதிந்திருந்த நாட்டின் (பழைய கொடியின்) பதிவை நீக்கிய சான்று, கடன் பாக்கி இல்லை என்ற சான்று மூன்றும் ஒரே பெயரில், ஒரே உடல் எண்ணில் இருக்க வேண்டும். எந்தக் கொடியில் பதிவது, இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் எவ்வளவு வரி என்பதைத் தூத்துக்குடியில் ஒரு சுங்க முகவரிடமும், வணிகக் கப்பல் துறை அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேராகக் கீழக்கரையில் வந்து இறங்க முடியாது. குடியேற்றமும் சுங்கமும் உள்ள துறைமுகத்தில்தான் முதலில் நுழைய வேண்டும், உங்களுக்கு அது தூத்துக்குடி அல்லது கொச்சி.

படகோடு சாட்டிலைட் போன் வந்தால் அனுமதி இல்லாமல் இந்தியக் கடலுக்குள் கொண்டுவராதீர்கள். துராயா, இரிடியம் வகைச் சாட்டிலைட் போன் வைத்திருந்ததற்காகக் கைதானவர்கள் உண்டு. ஆபத்தில் இருப்பிடத்தைச் சாட்டிலைட்டுக்குச் சொல்லும் அவசர பீக்கனை முறையாக உங்கள் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

கீழக்கரை மாலுமி:

நீங்கள் எழுதியதையெல்லாம் மனைவியோடு உட்கார்ந்து படித்தேன். பெரிய படகை விட்டுவிட்டோம். நடுப்பகலில் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்த பிறகு அவரே சொன்னது அது. 36 அடிக்கு நிபந்தனையோடு விலை சொல்லியிருக்கிறேன்: எல்லாச் செயின்பிளேட்டும் வெளியே வர வேண்டும், சீகாக் எல்லாம் மாற்றும் செலவையும் டெக் வேலையையும் விலையில் கழிக்க வேண்டும், தண்ணீரைவிட்டுத் தூக்கி சர்வேயர் பார்த்த பிறகுதான் மீதிப் பணம். உரிமையாளர் ஒத்துக்கொண்டார். எப்போது புறப்படுவது நல்லது? பிளேட்டை எந்த உலோகத்தில் செய்யச் சொல்லட்டும்?

லங்காவி ரிக்கர்:

316 ஸ்டெயின்லெஸ்ஸில் செய்யலாம், பழையதைவிடக் கொஞ்சம் கனமாக. ஓட்டைகளை மெருகேற்றச் சொல்லுங்கள். டெக்கில் வெட்டிய ஓட்டையின் ஓரத்தை எபாக்ஸியால் அடைத்துவிட்டு, அதற்குப் பிறகு பிளேட்டை இறக்குங்கள். அப்படிச் செய்தால் மறுபடி சீலன்ட் பிளந்தாலும் தண்ணீர் பால்சாவுக்குப் போகாது. ரிக்கிங் 2016 என்கிறீர்கள், வயது நெருங்கிவிட்டது. மரத்தை இறக்குகிற அதே வேலையில் கம்பிகளையும் மாற்றிவிடுவது மேல், ஒரே கூலியில் முடியும்.

பாம்பன் தென்கடல்:

பாய், ஜனவரி பாதிக்கு மேல் புறப்படுங்கள். வாடை அடங்கித் தெளிவாக வீசும், முதுகுக் காற்று கிடைக்கும். லங்காவியிலிருந்து காலிக்குச் சுமார் 1,200 கடல் மைல், ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் பத்து நாள் பக்கம் ஆகும். பிப்ரவரி, மார்ச்சில் தூத்துக்குடி வந்துவிட்டால் கச்சான் எடுப்பதற்கு முன் கரையைச் சுற்றிப் பார்க்க நேரம் இருக்கும். பாம்பன் கால்வாய் வழியாக வருவதாக இருந்தால் தூத்துக்குடியில் இருக்கும்போதே தகவல் சொல்லுங்கள், முதல் தடவை நான் கூட வருகிறேன்.