அய்யனார் கோயில் வகையறா: வியாழன் மதியம்

கார்த்தி: அவசரம்!! செல்வி அக்கா மகன் கதிருக்கு டெங்கு. பிளேட்லெட் 62 ஆயிரம். ரத்தம் குடுக்க ஆள் வேணும், எல்லா குரூப்லயும் போடுங்க

முருகேசன் பெரியப்பா: யாரு சொன்னா

கார்த்தி: வேன்காரர்

சரசு அத்தை: பப்பாளி இலைச் சாறு குடுங்கன்னு நேத்தே சொன்னேன். எவ கேக்குறா

செல்வி: கார்த்தி, அத அழி. ரத்தம் யாரும் கேக்கல. பிள்ளைக்குக் காலைல காய்ச்சல் விட்டுருச்சு

முருகேசன் பெரியப்பா: விட்டுருச்சா! அப்ப ஞாயித்துக்கிழமை கெடாவெட்டுக்குக் கூட்டிட்டு வந்துரும்மா. முடி எறக்கணும்ல

மலர்: பெரியப்பா, இருங்க. காய்ச்சல் விட்டதும் வர்ற 24, 48 மணி நேரந்தான் டெங்குல பயப்பட வேண்டிய நேரம். அக்கா, பிசிவி, அதான் ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு பாக்குறது, எவ்வளவு? முதல்ல எடுத்ததும் சொல்லு

செல்வி: திங்கள் 36. இன்னைக்குக் காலைல 41, இப்ப 44

பாண்டி: 36-ல இருந்து பாத்தா ஏத்தம் 20 சதவீதம் தாண்டிருச்சு

சரசு அத்தை: ஏறுதுன்னா ரத்தம் ஊறுதுன்னுதானே

மலர்: இல்ல அத்தை. ரத்தம் கூடல, நீர் வெளிய போயிருக்கு. தந்துகின்னு சொல்ற மெல்லிசு ரத்தக்குழாயோட சுவர் ஒரே ஒரு செல் கனம். உள்பக்கம் பாசி படர்ந்த மாதிரி ஒரு வழுவழு பூச்சு. ரத்தம் நுழையிற பக்கம் அழுத்தம் சுமார் 35 மி.மீ., வெளியேறுற பக்கம் 15. அது நீரை வெளிய தள்ளும். ரத்தத்துல இருக்குற புரதம், முக்கியமா ஆல்புமின், 25 அளவுக்கு உள்ள இழுத்துப் பிடிக்கும். நமக்கும் தினமும் கசியுது. கசிஞ்சது நிணநீர்க் குழாய் வழியா கழுத்தடிக்கு வந்து மறுபடி ரத்தத்துல சேந்துரும். டெங்குல வைரஸோட என்எஸ்1 புரதம் அந்தப் பூச்ச அரிச்சிருது. ஆல்புமினே வெளிய போயிரும், நீரும் கூடவே போகும். நெஞ்சுக்கூட்டுலயும் வயித்துலயும் தேங்கும். சிவப்பணு பெருசு, குழாய்க்குள்ளயே நின்னுரும். அதான் பிசிவி ஏறுது

சரசு அத்தை: பப்பாளி?

மலர்: வேணாம். குமட்டி வாந்தி எடுத்தா சாறாலயா, நோயாலயான்னு தெரியாமப் போயிரும். விடாத வாந்தி, வயித்துவலி, சோர்வு எல்லாம் அபாய அடையாளம். இளநி, ஓஆர்எஸ், கஞ்சி குடுங்க. பிபி என்னக்கா?

செல்வி: 96/68

மலர்: மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 28. சரி. 100/80-ன்னா பாக்க நல்லாருக்கும், ஆனா இடைவெளி 20. அது ஷாக், உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தாத நிலை. கை கால் சில்லுன்னு ஆனா உடனே சிஸ்டரக் கூப்பிடு

முருகேசன் பெரியப்பா: கெடாவுக்கு முன்பணம் குடுத்தாச்சு. போன தடவ மாதிரி பங்கு கேட்டா யாரும் போன எடுக்காம இருக்காதீங்க

கார்த்தி: போன தடவ குடுத்ததே நாங்க மட்டுந்தான்

முருகேசன் பெரியப்பா: உங்கப்பன வரச் சொல்லு, பேசிக்கிறேன்

செல்வி: டிரிப்ஸ் மணிக்கு 150 தான் விடுறாங்க. இவரு வேகமா விடச் சொல்லி சத்தம் போடுறாரு

மலர்: மாமாவ உக்காரச் சொல்லு. 30 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 5 மில்லி, கணக்கு சரி. 1, 2 மணி நேரத்துல பிசிவி பாத்துக் குறைப்பாங்க. ஓட்டை இருக்குறப்ப அதிகமா ஊத்துனா அதுவும் வெளியதான் போகும். கசிவு நின்னதும் போன நீரெல்லாம் 2, 3 நாள்ல தானா குழாய்க்குத் திரும்பும். அப்பவும் டிரிப்ஸ் ஓடுனா நுரையீரல்ல நீர் கோத்துக்கும், மூச்சு முட்டும்

கார்த்தி: அப்ப பிளேட்லெட்?

மலர்: ரத்தக்கசிவு இல்லாம 62 ஆயிரத்துக்கு ஏத்த மாட்டாங்க. ஈறு, மூக்கு, மலம் கருப்பா போகுதான்னு மட்டும் பாருங்க

பாண்டி: டிரிப்ஸ் ஓடுற கையில ரத்தம் எடுக்க விடாதீங்க. நீர்த்துப்போய் பிசிவி கம்மியா காட்டும்

சரசு அத்தை: என் மகளுக்கு வந்தப்ப யாரும் எட்டிப் பாக்கல. நல்லாருங்க

செல்வி: அத்தை, இப்ப எதுக்கு

*இரவு 8.10*

செல்வி: பிசிவி 41

முருகேசன் பெரியப்பா: எறங்கிருச்சு! அய்யனாரப்பா

பாண்டி: எந்தக் கை?

செல்வி: டிரிப்ஸ் இல்லாத கை

மலர்: நாடித் துடிப்பு? ஒன்னுக்குப் போனானா? உள்ள ரத்தம் கசிஞ்சாலும் பிசிவி எறங்கும், அதுக்குத்தான் கேக்குறேன்

செல்வி: துடிப்பு 92. 6 மணிக்கும் போனான், இப்பவும் போனான். இட்லி கேக்குறான்

மலர்: குடு. ராத்திரி 12 மணிக்கு எடுக்குறதையும் போடு

முருகேசன் பெரியப்பா: முடிய தையில எறக்கிக்கலாமா?

சரசு அத்தை: அப்ப கெடா?

முருகேசன் பெரியப்பா: கெடாக்காரன் போன எடுக்கல